தோட்டத்துக் கணக்கும் வர்த்தகப் படிப்பும்

விடுமுறைக்கு டிக்கோயாவில் வந்து இறங்கும் பல்கலைக்கழக மாணவனை ஊரார் முதலிற் கேட்பது, "என்ன படிக்கிறீங்க?" என்பதாகும். "வர்த்தகம்" என்று பதில் வந்தால், "அப்ப பாங்கு வேலையா?" என்று அடுத்த கேள்வி உடனே பிறக்கும். வைத்தியம் படிப்பவனுக்கு இந்த இரண்டாவது கேள்வி கிடையாது. அவன் படிப்பு இன்னதென்று யாவருக்கும் தெரியும். நமது படிப்போ வெறுங் கூட்டல் கழித்தல் என்றும், பெரிய கிளாக்கர் ஐயா கந்தோரில் இருந்து செய்வதையே நாம் மூன்று நான்கு ஆண்டு பணஞ் செலவிட்டுக் கற்கிறோம் என்றும் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்திலும் ஓரளவு உண்மை இருக்கிறது. எனினும் பெரிய கிளாக்கர் ஐயாவின் பேரேட்டிலே நம் பாட்டன் பூட்டன்மாரின் சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது என்பதை இப்படிப்பின் வாயிலாகவே நாம் அறிந்தோம். அதனைச் சங்கத்துப் பெரியோர்க்கும் சகோதர வாலிபர்க்கும் எடுத்துரைப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கணக்கப்பிள்ளை என்னும் சொல்லையே பாருங்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் அவர் ஏடும் எழுத்தாணியுமாக நிலத்தையும் வரியையும் எழுதியவர். கடல் கடந்து தேயிலை மலைக்கு வந்தபோது அச்சொல் வேறொரு வேலையை ஏற்றுக்கொண்டது. இங்கே கணக்கப்பிள்ளை மலையில் நின்று வேலை வாங்குபவர். பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, எந்த மலைக்கு எத்தனை பேர் என்று பிரித்து அனுப்புபவர். கணக்கு எழுதுவதும் ஆளை மேய்ப்பதும் தோட்டத்தில் ஒரே தொழிலாகிவிட்டன. ஒரு நாள் வேலைக்கு நாம் வழங்கும் பெயரும் 'பேர்' என்பதுதானே! பிரட்டில் நின்று முழுநாள் உழைத்தால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். மனிதனுடைய பெயரையே பாதியாக வெட்டக்கூடிய கணக்கு உலகத்தில் வேறெங்கும் உண்டோ என்று நாம் அறியோம்.

இனி, வர்த்தகப் படிப்பு எப்படி இருக்கும் என்று சிறிது சொல்வோம். உயர்தர வகுப்பில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என மூன்று பாடங்கள். மலைநாட்டுப் பிள்ளைகள் இப்பிரிவை நாடுவதற்குக் காரணம் வெளிப்படையானது. விஞ்ஞானம் கற்க ஆய்வுகூடம் வேண்டும், உபகரணம் வேண்டும், அவற்றைக் கையாளும் ஆசிரியர் வேண்டும். கணக்கீட்டுக்கு ஒரு கரும்பலகையும் கோடிட்ட கொப்பியும் போதும். அப்படித் தமிழிலே கற்றுத் தேறிப் பல்கலைக்கழகத்துட் புகுந்தால், அங்கே வணிகமாணிப் பட்டத்திற்கான விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. முதலாம் ஆண்டு முழுவதும் கணக்கியலோடு போராடுகிறோமா, ஆங்கிலத்தோடு போராடுகிறோமா என்பது விளங்காது. 'பெறுமானத் தேய்வு' என்று நாம் நன்கறிந்து வைத்திருந்தவர் 'டிப்ரிசியேஷன்' என்ற புதுச் சட்டையுடன் எதிரே வந்து நிற்பார். அடையாளங் காண ஒரு மாதம் செல்லும். மிஷன் பாடசாலையிற் படித்தவர்களுக்கு ஆங்கிலம் கொஞ்சம் கைகொடுக்கும் என்பது உண்மையே. ஆயினும் காலை ஜெபத்தில் கேட்ட ஆங்கிலம் வேறு. கம்பனிச் சட்டத்தின் ஆங்கிலம் வேறு.

தமிழ் நூல்களைத் துணைக்கு அழைத்தாலும் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. தமிழ்நாட்டு நூல்களில் கணக்கின் இடப்பக்கம் 'பற்று', வலப்பக்கம் 'வரவு'. இலங்கைப் பாடநூல்களிலோ இடப்பக்கந்தான் 'வரவு', வலப்பக்கம் 'செலவு'. பாக்கு நீரிணையைக் கடந்தவுடன் வரவு என்ற சொல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவிவிடுகிறது! சென்னையில் அச்சான நூலொன்றை ஆசையோடு வாங்கி, அதன்படி ஒரு பயிற்சியைச் செய்து, எல்லாம் தலைகீழாக வந்ததைக் கண்டு நாம் அரைநாள் திகைத்திருந்தோம்.

இந்த இருபக்கக் கணக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் லூக்கா பாச்சியோலி என்னும் பிரான்சிஸ்கன் துறவி தம் கணித நூலின் ஒரு பகுதியில் வெனிஸ் வணிகர் கணக்கெழுதும் முறையை அச்சேற்றினார். அவர் அம்முறையைக் கண்டுபிடித்தவர் அல்லர். வணிகர் கையில் முன்னரே வழங்கியதை எழுதிவைத்தவர். காசாசையை விட்ட துறவி காசுக் கணக்குக்கு ஆசிரியரானதை எண்ணிச் சிரிப்பவர்கள், நம் சித்திரகுப்தனாரையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சித்திரைப் பௌர்ணமியில் நாம் வணங்கும் அத்தெய்வத்தின் கையில் இருப்பவை ஏடும் எழுத்தாணியுமே.

நம்மவரிடையே பேரேட்டுக் கலையில் வல்லவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டிமார்கள். நமது கணக்கீட்டு வகுப்புகளில் நெடுங்காலம் வழங்கிய 'ஐந்தொகை' என்ற சொல் அவர்களது பேரேட்டு வழக்கில் இருந்தது. கொழும்புச் செட்டியார் தெருவில் இருந்துகொண்டு இறக்குமதி வியாபாரிக்கும் காணிக்காரருக்கும் கங்காணிமாருக்கும் அவர்கள் கடன் கொடுத்தனர். ஆங்கில வங்கிகள் சுதேசிகளுக்கு நேரே கடன் கொடுக்கத் தயங்கிய காலம் அது. 1925ஆம் ஆண்டு சில செட்டிக் கடைகள் முறிந்து வங்கிகள் கையை இழுத்துக்கொண்டபோது நாட்டு வியாபாரமே திணறிற்று. அதன் விளைவுகளுள் ஒன்றாக 1934இல் சேர் சொராப்ஜி போச்கானவாலா தலைமையில் வங்கி விசாரணைக் குழு அமைந்தது. 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. இவ்வளவும் பாடத்தில் வருவன.

ஆனால் இக்கலையைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது. கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த மண்டபங்களுக்குள் கடைக்கணக்கு நுழைவதா என்று இங்கிலாந்திற் பலர் முகஞ் சுளித்தனர். 1902இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் வில்லியம் ஆஷ்லி என்ற சரித்திர அறிஞரைத் தலைவராக்கி வர்த்தக பீடம் ஒன்றைத் தொடங்கியது. பம்பாயில் சிடென்ஹாம் கல்லூரி 1913இல் எழுந்தது. இலங்கையில் அக்காலத்து வர்த்தகக் கல்வி என்றால் பெரும்பாலும் தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்குப் பதிவு என்பவையே. அவற்றைக் கற்றவர் கொழும்பு ஏஜென்சிக் கம்பனிகளிலும் தோட்டத்துக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராக அமர்ந்தனர். அக்கந்தோர்களிலே அவர்கள் எழுதியது என்ன என்பதுதான் நமது வினா.

டிக்கோயாப் பள்ளத்தாக்கில் 1860களில் காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பியைத் தின்று தீர்த்தது. கோப்பித் தோட்டங்களை ஈடாகக் கொண்டு பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் கதவை மூடிற்று. நாட்டில் வழங்கிய காகித நாணயத்தின் பெரும்பகுதி அவ்வங்கி வெளியிட்டதேயாகும். கையில் நோட்டு வைத்திருந்தவன் அதனை முகப்பெறுமதிக்குக் குறைத்து விற்கவும் ஆயத்தமானான். தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பென்று அறிவித்தமையாலேயே பீதி அடங்கியது. அவ்வாண்டிலேயே நோட்டு வெளியிடும் உரிமையை அரசாங்கம் சட்டத்தின்மூலம் தன் கையில் எடுத்துக்கொண்டது. வங்கியியல் வகுப்பில் 'நம்பிக்கையே நாணயத்தின் உயிர்' என்று விரிவுரையாளர் சொல்லும்போது நமக்கு இந்த நிகழ்ச்சியே நினைவுக்கு வரும். ஹட்டனுக்கு ரயில் வந்ததும் அதே 1884ஆம் ஆண்டில் என்பது எவ்வளவு விசித்திரம்! பழைய பயிர் முறிந்து வங்கியும் முறிந்த வருடத்திலே, புதுப் பயிரைக் கொழும்புக்கு ஏற்றிச் செல்லும் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. கொழும்பில் முதல் தேயிலை ஏலம் அதற்கு முந்திய வருடம், 1883 ஜூலை 30ஆம் தேதி, நடந்து முடிந்திருந்தது.

தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து உண்டு. ஆகவே கோப்பிக் காலத்தைப்போல அறுவடைக்கு வந்து திரும்பும் ஆட்கள் போதவில்லை. குடும்பத்தோடு தங்கும் ஆட்கள் வேண்டியிருந்தது. அவர்களைத் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து அழைத்துவந்தவர் கங்காணி. வழிச்செலவுக்கும் ஊர்க்கடன் தீர்க்கவும் தோட்டம் அவரிடம் முன்பணம் கொடுக்கும். அதை அவர் தம் ஆட்களின் பெயரிலே பற்றெழுதுவார். அப்பணத்துக்குத் தோட்டக் கணக்கில் 'கோஸ்ட் அட்வான்ஸ்' என்று பெயர். இந்தியக் கரைக்குப் போன முன்பணம் என்று பொருள். அது ஐந்தொகையில் எந்தப் பக்கத்தில் வரும்? கொடுத்த கடன் வரவேண்டிய பணம். ஆகையால் சொத்துப் பக்கத்திலே வரும். காணி, கட்டிடம், இயந்திரம், தேயிலை, கோஸ்ட் அட்வான்ஸ். கணக்கியல் விதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தச் சொத்தின் மறுபெயர் நம் பூட்டனார் பட்ட கடன் என்பதை அறிந்தபோது, பேனையைச் சிறிது நேரம் கீழே வைத்துவிட்டோம்.

இதனினும் விந்தையானது 'துண்டு' முறை. சரித்திர நூல்களில் இச்சொல்லைக் காணும் வாலிபர் பலர் அதன் நடைமுறையை அறியார். ஆகவே ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். ஒரு கங்காணியின் கீழ் 40 பேர். அவர்கள் தோட்டத்துக்குக் கொடுக்கவேண்டிய கடன் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கங்காணிக்கு வேறு தோட்டம் போக விருப்பம். துரையிடம் ஒரு துண்டு கேட்பார். 'இத்தொகையைச் செலுத்துபவருக்கு இந்த ஆட்களை விடுவிப்பேன்' என்பது அத்துண்டின் சாரம். ஆள் தட்டுப்பாடுள்ள புதிய துரை 2,000 ரூபாயைக் கட்டுவார். கங்காணியைக் கவர மேலும் 500 ரூபாய் முன்பணமாகக் கொடுப்பார். புதிய தோட்டத்தின் ஏட்டில் இப்போது கடன் 2,500 ரூபாய். நேற்று ஆளுக்கு 50 ரூபாயாக இருந்த கடன் இன்று 62 ரூபாய் 50 சதம். அந்த 40 பேரும் செய்ததெல்லாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு நடந்ததே. ஒரு சதமும் அவர்கள் கைக்கு வரவில்லை. நாலைந்து முறை இவ்வாறு மாறிய குடும்பம் தன் ஆயுளில் அக்கடனைத் தீர்ப்பதெங்ஙனம்?

வர்த்தகச் சட்ட வகுப்பில் கைமாறத்தக்க சாதனங்கள் என்று ஒரு பகுதி உண்டு. காசோலை, உண்டியல், வாக்குறுதிச் சீட்டு என்பன அதில் அடங்கும். கையிலிருந்து கைக்கு மாறும் இயல்பில் துண்டும் அவற்றோடு உறவுடையதே. ஆனால் காசோலைக்குப் பின்னால் வங்கியில் பணம் இருக்கும். துண்டுக்குப் பின்னால் லயத்தில் மனிதர் இருந்தனர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதற்குள் இரண்டு மூன்று தலைமுறை அந்தக் காகிதத்தில் எழுதப்பட்டுவிட்டது.

அக்காலத்தை ஒட்டியே வர்த்தகக் கல்வி கற்ற ஒருவர் இம்மலைகளுக்கு வந்து சேர்ந்தார். அவரே கோ. நடேசையர். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடி என்று அவரை எல்லோரும் அறிவோம். சங்கக் கூட்டங்களில் அவர் பெயர் சொல்லாத பேச்சாளர் இல்லை. ஆனால் அவர் வர்த்தக ஆசிரியர் என்பதை எத்தனை பேர் நினைவிற் கொண்டுள்ளோம்? தஞ்சாவூரில் வணிகப் பாடம் கற்பித்தவர் அவர். 'வர்த்தகமித்திரன்' என்னும் பத்திரிகையை நடத்தியவர். காப்புறுதியைப் பற்றியும் எண்ணெய் எந்திரங்களைப் பற்றியும் தமிழிலே நூல் எழுதியவர். இன்று தமிழில் வர்த்தக நூல் இல்லையே என்று குறைப்படும் நாம், நூறு ஆண்டுகளுக்கு முன்பே அக்குறையை உணர்ந்து எழுத உட்கார்ந்த அம்மனிதரை எண்ணி நாணவேண்டியவர்கள்.

தம் பத்திரிகைக்கு ஆதரவு தேடியே அவர் முதலில் இலங்கை வந்தார் என்பர். கொழும்பு வணிகர்களைச் சந்தித்தார். தோட்டங்களைப் பார்க்க விரும்பியபோது வழி அடைபட்டிருந்தது. தோட்டம் துரையின் தனிச் சொத்து. அநுமதி இல்லாமல் அந்நியன் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. ஆனால் ஒரு வகை மனிதனுக்கு மட்டும் வாயில் திறந்திருந்தது. புடவை மூட்டையைத் தோளிற் சுமந்து லயம் லயமாகச் சென்று கடனுக்கு விற்பவனை யாரும் தடுப்பதில்லை. நடேசையர் அவ்வேடத்தைப் பூண்டார். வர்த்தக ஆசிரியர் புடவை வியாபாரியாகி லயத்து வாசலில் மூட்டையை அவிழ்த்து, விலை பேசும் சாட்டில் வாழ்க்கையைக் கேட்டறிந்தார். நாம் கற்கும் சந்தை ஆராய்ச்சிப் பாடத்திலே எத்தனையோ வினாக்கொத்துகளும் மாதிரி எடுப்புகளும் உண்டு. இதற்கு நிகரான களஆய்வு ஒன்றை நாம் இதுவரை படிக்கவில்லை.

பின்னர் இலங்கையிலேயே தங்கி, 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்னும் பத்திரிகைகளை நடத்தினார். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து கொழும்பிற் பணியாற்றினார். பின் மனம் வேறுபட்டுப் பிரிந்தார். 1925இல் சட்டசபையிற் புகுந்தார். 1931இல் ஹட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அவர் பாடல்களை அச்சிட்டும் பரப்பினார். மேடையில் ஒரு பெண் ஏறுவதே அரிதான அந்நாளில் அது எவ்வளவு துணிவான செயல் என்று இன்றைய சகோதரிகள் சிந்திப்பார்களாக.

நடேசையர் நடத்திய போராட்டங்களை ஒரு வர்த்தக மாணவனின் கண்ணால் நோக்கினால், அவற்றுட் பல கணக்கு வழக்குகளாகவே தோன்றும். கங்காணி முறையை அவர் எதிர்த்தார்; அது கடன் கணக்கு. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்து 1930களின் தொடக்கத்தில் கூலியைக் குறைத்தபோது எதிர்த்தார். அது செலவுக் கணக்கு. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குறைந்தபட்சக் கூலி முதன்முறையாக நிர்ணயமாகி 1929இல் நடைமுறைக்கு வந்திருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கொழுந்து பறிப்பவர் பெண். கம்பனிக்கு வருமானம் தரும் கை அவளுடையது. ஆயினும் அவளுடைய பேர் 11 சதம் குறைந்தது. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்று ஆனது 1984இல்தான்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நடேசையர் தோல்வியுற்றார். அவ்வாண்டு நவம்பரிலேயே மறைந்தார். அடுத்த வருடம் வந்த சட்டத்தைக் காண அவர் உயிரோடு இல்லை.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர்; அவர்களில் இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம். எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று விட்டார்கள். கணக்கீட்டில் பரீட்சைமீதி இருபக்கமும் ஒத்துவராதபோது, வேறுபாட்டைத் தற்காலிகமாக ஒரு கணக்கிற் போட்டு வைப்போம். அதற்குத் 'தொங்கற் கணக்கு' என்று பெயர். அக்கணக்கில் ஒன்றரை இலட்சம் மனிதர் பத்து ஆண்டுகள் தொங்கினார்கள். 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக, 75 ஆயிரம் 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றிருந்தவர்க்கு உரிமை வழங்கும் சட்டங்கள் அதன்பின் படிப்படியாக வந்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடே அந்த ஏடு மூடப்பட்டது எனலாம்.

கல்வியின் கதையும் இதனோடு ஒட்டியதே. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைக்கவேண்டும் என்று 1907இலும் 1920இலும் சட்டங்கள் வந்தன. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலை அந்த ஓட்டத்திற் சேராமல், ஓர் ஆசிரியரும் ஐந்தாம் வகுப்புமாகத் தனியே கிடந்தது. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில் தொடங்கியே. அதற்கு முன் மேலே படிக்க விரும்பியவன் ஹட்டனில் உள்ள மிஷன் பாடசாலைகளின் வாயிலையே பார்த்து நின்றான். அவற்றில் இடமும் கட்டணமும் வாய்த்தவர் சிலரே. ஆகவே நம் சமூகத்திலிருந்து பல்கலைக்கழக வர்த்தக வகுப்புக்குச் சென்றவர் தொகை நீண்ட நாள் விரல்விட்டு எண்ணத்தக்கதாகவே இருந்தது. இன்று மாவட்ட ஒதுக்கீட்டு முறையில் நுவரெலியாவும் கல்வியிற் பின்தங்கிய மாவட்டமாகக் கொள்ளப்படுவதால் வாயில் சற்று அகன்றிருக்கிறது. அவ்வாயிலால் நுழைந்தவர்களுள் நாமும் ஒருவர். அதனைச் சொல்ல நாம் கூசவில்லை.

சென்ற தவணையில் ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் ஆண்டறிக்கையை எடுத்து ஆராயும்படி வகுப்பிற் பணித்தார்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும், 1992இல் நிர்வாகத்தை மீண்டும் கம்பனிகளிடம் கொடுத்ததும் எல்லோரும் அறிந்த செய்தி. அறிக்கையில் முதலில் நம் கண்ணிற் பட்டது தேயிலைச் செடி. இப்போதைய கணக்கீட்டு நியமப்படி முதிர்ந்த தேயிலைச் செடி ஒரு நிலையான சொத்து. இயந்திரத்தைப் போலவே அதற்கும் ஆண்டுதோறும் தேய்வு எழுதவேண்டும். நூறாண்டுச் செடியும் கொழுந்து விடும் மலையிற் பிறந்த நமக்கு இது சிரிப்பாக இருந்தது. பின்னர் சொத்துப் பக்கம் முழுவதும் தேடினோம். கோஸ்ட் அட்வான்ஸ் இல்லை, இருக்கவும் முடியாது. பொறுப்புகளின் பக்கம் வந்தபோது, பெருந்தொகை ஒன்று நின்றது. பணிக்கொடைப் பொறுப்பு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை செய்து விலகும் நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருட சேவைக்கும் 14 நாட் சம்பளம் கொடுக்கவேண்டும். அக்கடமையைக் கம்பனி முன்கூட்டியே மதிப்பிட்டுத் தன் கடனாகக் காட்டவேண்டும். பூட்டனார் கம்பனிக்குக் கொடுக்கவேண்டிய கடன் ஒரு காலத்தில் சொத்தாக எழுதப்பட்டது. பேரப்பிள்ளைக்குக் கம்பனி கொடுக்கவேண்டிய கடன் இன்று பொறுப்பாக எழுதப்படுகிறது. ஒரு நூற்றாண்டில் நம் பெயர் ஐந்தொகையின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வந்திருக்கிறது. அக்கடன் உரியவர் கையில் உரிய நாளில் சேர்கிறதா என்பது வேறு வினா. அதற்கு ஆண்டறிக்கை போதாது, துண்டைப் பார்க்கவேண்டும்.

ஆம், துண்டு என்ற சொல் இன்னும் இருக்கிறது. மாதச் சம்பளத் துண்டைச் சொல்கிறோம். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அயல் லயத்து அக்கா ஒருவர் அதனைக் கொண்டுவந்து, "தம்பி, நீங்க கணக்குத்தானே படிக்கிறீங்க. இதுல என்னென்ன வெட்டியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கொடுத்தார். வாங்கிப் பார்த்தோம். சிறு ஆங்கில எழுத்துகளில் நிரல் நிரலாகச் சுருக்கக் குறிகள். கம்பனிகளின் ஒன்றிணைந்த கணக்குகளைத் தயாரிக்கக் கற்றிருந்த நமக்கு, அந்தக் கையகலக் காகிதத்தில் பாதிதான் விளங்கிற்று. "நாளைக்குச் சொல்றேன் அக்கா" என்று சமாளித்து அனுப்பினோம். அன்றிரவு உண்டான வெட்கம் எந்தப் பரீட்சையிலும் உண்டானதில்லை.

மறுநாள் விசாரித்தறிந்து ஒவ்வொரு நிரலாக எழுதினோம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் அவர் சம்பளத்திற் கழிகிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டம் தன் பங்காக 12 சதவீதம் சேர்க்கவேண்டும். பின்னர் சங்கச் சந்தா, கோயிற் காசு, தீபாவளி முற்பணத்தின் தவணை, தேயிலைத் தூள். மேலதிகக் கிலோவுக்கான காசு தனி நிரலில். எல்லாம் சரியாகவே இருந்தது, ஒன்றைத் தவிர. அக்கா வீட்டுச் சுவரில் தொங்கிய முருகன் படக் கலண்டரில், வேலைக்குப் போன நாளெல்லாம் ஒரு கோடு இழுத்திருந்தார். கோடுகள் 21. துண்டிற் பேர் 20.

அக்கலண்டரும் ஒரு கணக்கேடுதான் என்பதை அப்போது உணர்ந்தோம். பாச்சியோலி கேட்பதும் அதுவே: ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு பதிவு. கந்தோருக்குச் சென்று மரியாதையாகக் கேட்டோம். கிளாக்கர் ஐயா முகஞ் சுளிக்காமல் செக்ரோலை எடுத்து விரித்தார். ஒரு சனிக்கிழமைப் பேர் அதே பெயருடைய வேறொருவரின் வரியில் விழுந்திருந்தது. திருத்திக் குறித்துக்கொண்டார், அடுத்த மாதத் துண்டில் அது சேர்ந்து வந்தது.

அதற்குள் செய்தி லயம் முழுவதும் பரவிவிட்டது. விடுமுறை முடிந்து நாம் புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, வேலையிலிருந்து ஓய்ந்த முதியவர் ஒருவர் பிளாஸ்டிக் பையொன்றுடன் வந்து திண்ணையில் அமர்ந்தார். பைக்குள் சேமலாப நிதிக் கடிதம், அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, பழைய துண்டுகள் ஒரு கட்டு. அவர் பெயர் அவற்றில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. கோடிட்ட கொப்பியை எடுத்து, முதல் பக்கத்தில் அம்மூன்று பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதத் தொடங்கினோம்.